சாயிமா உடைக்காத கப்பல்கள்

அந்த ஆகஸ்டில் சாயிமாவுக்கு ஒரே வேலைதான் இருந்தது. முந்நூறாவது சுற்று வரை சாகாமல் இருக்க வேண்டும்.

செம்பூர் ஸ்டேஷனுக்குக் கிழக்கே, கீழே புடவைக் கடையும் முதல் மாடியில் பல் டாக்டரும் இருக்கிற கட்டடத்தின் மூன்றாவது மாடியில் எங்கள் ஆபீஸ். வெளிநாட்டுக் கம்பெனி ஒன்று தயாரிக்கும் கம்ப்யூட்டர் விளையாட்டுகளை, அவை விற்பனைக்கு வருமுன் விளையாடிப் பார்த்துக் குறை கண்டுபிடிப்பது அங்கே தொழில். அப்போது கையில் இருந்தது விண்வெளியில் நடக்கும் ஒன்று. ஒரே ஒரு கோளோடு தொடங்க வேண்டும். சுற்றிலும் ஏழு பேரரசுகள். ஏழையும் நடத்துவது கம்ப்யூட்டர். நாம் ஒரு சுற்று ஆடி முடித்தால் அந்த ஏழும் ஒவ்வொரு சுற்று ஆடும். கப்பல் கட்டும், கோள் பிடிக்கும், பக்கத்தில் யார் இளைத்திருக்கிறார்கள் என்று பார்க்கும். எளிது, நடுத்தரம், கடினம், கொடூரம் என்று நான்கு நிலைகள். அந்தப் பெயர்களை வைத்தவன் நான். விளையாட்டில் வரும் வாசகங்களைத் தமிழில் எழுதுவது என் பொறுப்பு. ‘கொடூரம்’ என்று எழுதியபோது அது வெறும் சொல்லாகத்தான் இருந்தது.

ஜூலைக் கடைசியில் அந்த மெயில் வந்தது. பத்மஜா மேடம் எழுந்து நின்று சொன்னார். மாட்டுங்காவில் பிறந்து வளர்ந்தவர், எங்கள் மூன்று பேருக்கும் தலைமை.

“அவா சொல்றது இவ்வளவுதான். கொடூரம் லெவல்ல அவாளோட கம்ப்யூட்டரையே ஆயிரம் ஆட்டம் ஆட விட்டிருக்கா. ஒண்ணுகூட நூத்திருபதாவது சுத்தைத் தாண்டல. மனுஷா யாராவது முந்நூறு வரைக்கும் இருந்து காட்டினா நம்ம டீம் இன்னும் ஒரு வருஷம் இருக்கும். ஆகஸ்ட் கடைசி வரைக்கும் டைம்.”

“இல்லன்னா?” என்றான் ஜீஷான்.

“இல்லன்னா கம்ப்யூட்டரும் கம்ப்யூட்டரும் ஆடிக்கும். நாம ஆத்துல உக்காந்துக்கலாம்.”

பதினோரு பேர் இருந்த அறை அது. காலியான நாற்காலிகளை யாரும் எடுத்துக்கொண்டு போகவில்லை. நாங்கள் அவற்றின்மேல் மழைக்கோட்டுகளைக் காயப்போட்டோம்.

முதலில் ஜீஷான்தான் ஆடினான். கோவண்டியிலிருந்து வருபவன், இருபத்து நான்கு வயது, எதையும் அடித்துப் பார்த்துவிடுபவன். முதல் ஆட்டத்தில் அறுபத்து நான்காம் சுற்றில் செத்தான். அடுத்தது ஐம்பத்தொன்று. அதற்கு அடுத்தது நாற்பத்தேழு. ஐந்தாம் நாள் ஹெட்ஃபோனைக் கழற்றி மேசையில் போட்டு, “அரே, இது லடாயியே இல்ல, கொலை” என்றான்.

நாற்காலி சாயிமாவுக்கு வந்தது.

சாயிமாவுக்கு இருபத்தொன்பது வயது. தாராவியின் பதின்மூன்றாம் காம்பவுண்டில் அவள் வாப்பா உதுமானுக்குச் சின்னதாக ஒரு பிளாஸ்டிக் கோடவுன் உண்டு. இந்த ஊர் தூக்கிப்போட்ட டப்பா, பக்கெட், மிக்ஸி மூடி, சீப்பு எல்லாம் அங்கே சாக்குச் சாக்காக வரும். தரம்வாரியாகப் பிரித்து, உருக்குகிறவர்களுக்கு அனுப்ப வேண்டும். பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் அவளும் குவியலுக்கு முன்னால் உட்கார்ந்துவிடுவாள். ஒடித்தால் வரும் சத்தத்தை வைத்தே எந்த வகை என்று சொல்லத் தெரியும். ஆபீஸில் தண்ணீர் பாட்டில் காலியானால், பேசிக்கொண்டே மூடியைத் திருகி எடுப்பாள், கழுத்தில் இருக்கிற வளையத்தை நகத்தால் நெம்புவாள், மூன்றையும் மூன்று இடத்தில் வைப்பாள். ‘குப்பை’ என்ற சொல்லை அவள் வாயில் நான் கேட்டதில்லை. எல்லாமே ‘மால்’தான். ஒருமுறை என் பையிலிருந்து கவிதைப் புத்தகத்தை எடுத்துப் புரட்டிப் பார்த்து, “பாதிப் பக்கம் வெள்ளையாக் கெடக்கு நகுலு. மால் ரொம்பக் கம்மி” என்றாள்.

இருபத்திரண்டு வயதில் மும்பிராவில் கட்டிக்கொடுத்தார்கள். இரண்டு வருடம் கழித்து ஒரு பையோடு திரும்பி வந்தாள். இதையும் அவளேதான் சொன்னாள், கம்ப்யூட்டர் தன் சுற்றை ஆடி முடிக்கக் காத்திருந்த இடைவெளியில்.

“அங்கன ரெண்டு வருசம் நான் சத்தமே போடாம இருந்தேன். இப்படி ஒருத்தி இருக்கான்னே மறந்துட்டாவ.”

பிறகு ‘அடுத்த சுற்று’ என்ற பொத்தானை அழுத்தினாள்.

அவள் படித்தது உருது பள்ளிக்கூடத்தில். தமிழ் பேசுவாள், வாசிப்பது எழுத்தெழுத்தாகத்தான், பல்லியைப் பார்ப்பதுபோல் தள்ளி நின்று. ஆட்டத்தின் நடுவே பேரரசுகள் அனுப்பும் மிரட்டல் கடிதங்கள் திரையில் வரும். உடனே பின்னால் திரும்பிக் கூப்பிடுவாள்.

“நகுலு, ஒருத்தன் வந்திருக்கான். வாசி.”

நான் எழுந்து போய் அவள் தோளுக்குப் பின்னால் நின்று, தாழ்ந்த குரலில் வாசிப்பேன்.

“‘அற்பக் கோளின் தலைவியே, எங்கள் பொறுமையின் எல்லைக்கோட்டில் நீ நின்றுகொண்டிருக்கிறாய்.’”

“யாரு எழுதினா இத?”

“நான்தான்.”

“இவ்ளோ பேசுதவன் அடிக்கமாட்டான். அடிக்க வந்தவன் சுருக்கமாச் சொல்லுவான். நான் சின்னப்புள்ளையா இருக்கயில ரோடு அகலப்படுத்துதோம்னு எங்க பழைய ஜாகாவ எடுத்தானுவ. வந்தவன் என்ன சொன்னான் தெரியுமா? ‘சாமான எடுத்துக்கோங்க’ன்னான். சத்தங்கூடப் போடல. உம்மாவுக்குக் கை கால் ஓடல.”

அன்று மாலை அந்த வாசகத்தை அழித்தேன். மூன்று பேரரசுகள் ஒரே நேரத்தில் சூழ்ந்து, கடைசிக் கோளை எடுக்குமுன் அனுப்பும் கடிதம் ஒன்று உண்டு, அபூர்வமாகத்தான் வரும்; அதில் ‘சாமான்களை எடுத்துக்கொள்ளுங்கள்’ என்று மட்டும் போட்டேன். யாரும் கேட்கவில்லை. அந்த வெளிநாட்டுக் கம்பெனியில் தமிழ் தெரிந்தவர் யாரும் இல்லை.

முதல் வாரம் அவளும் செத்தாள். நாற்பத்தொன்று, ஐம்பத்தெட்டு, ஐம்பத்திரண்டு. ஆனால் ஜீஷான்போல் உடனே புது ஆட்டம் தொடங்கமாட்டாள். தன்னை அடித்தவன் எந்த வழியாக வந்தான், அதற்கு முன் யாரை அடித்தான், யார் வாசல்வரை வந்து திரும்பிப் போனான் என்று ஒவ்வொரு சுற்றாகப் பின்னால் போய்ப் பார்ப்பாள். அவளுடைய கோளுக்கு வர மூன்று பாதைகள் இருந்தன. இரண்டில் கோட்டை கட்டி அடைத்தாள். மூன்றாவதின் முனையில் இருந்த பேரரசு கேட்டதையெல்லாம் கப்பமாகக் கொடுத்தாள். அவன் கொழுத்தான். கொழுத்தவன் பக்கத்தில் இருந்த இன்னொருவனோடு மோதினான். அவர்கள் அடித்துக்கொண்டிருந்த நேரத்தில் இவள் தொண்ணூற்றாறு வரை போனாள். அடுத்த ஆட்டத்தில் நூற்று முப்பத்தொன்று.

“ஆயிரம் ஆட்டம் ஆடின கம்ப்யூட்டரத் தாண்டிட்டே!” என்றார் பத்மஜா மேடம்.

சாயிமா திரும்பவில்லை. “பாதிகூட வரல மேடம்.”

கப்பல்கள் விஷயம் அதற்கு அடுத்த ஆட்டத்தில் வந்தது. எண்பதாம் சுற்றுவாக்கில் பழைய கப்பல்கள் எதற்கும் உதவாமல் போகும். அவற்றை உடைத்தால் பாதி உலோகம் திரும்பக் கிடைக்கும். ‘பழைய கப்பல்களை உடைக்கவும்’ என்று ஆட்டமே சொல்லும். எல்லோரும் உடைப்போம், யோசிக்கிற விஷயமே இல்லை. சாயிமாவும் அதுவரை உடைத்துத்தான் வந்திருக்கிறாள், அரைமனதோடு. அந்த ஆட்டத்தில் உடைக்கவில்லை. ஆட்களை இறக்கி, பீரங்கிகளை அணைத்து, மூலையில் எந்தப் பாதையிலும் சேராத ஒரு மொட்டைச் சந்திரனைச் சுற்றி அவற்றை நிறுத்தி வைத்தாள். அப்படி நிறுத்தினால் செலவு கிடையாது, பலனும் கிடையாது. நூறாவது சுற்றில் அங்கே அறுபது கப்பல்கள் நின்றன. நூற்றைம்பதில் நூற்றுக்கும் மேல்.

ஜீஷான் எட்டிப் பார்த்தான். வயதில் இளையவன், அவளை ‘லாத்தா’ என்று அக்கா முறை வைத்துத்தான் கூப்பிடுவான்.

“என்ன லாத்தா, வானத்துலயும் கோடவுன் போட்டுட்டீங்களா?”

“கெடக்கட்டும். மால்தானே.”

“ஒடைங்க லாத்தா. புதுசா நாலு கட்டலாம்.”

“உருப்படியா நிக்குதத ஒடைக்க கை வரமாட்டேங்குது. இங்கதான் இடம் நெறையக் கெடக்கே.”

அதற்குப் பிறகு யாரும் அவளை அடிக்கவில்லை. கடிதங்கள் வந்தன, நான் வாசித்தேன், கப்பல்கள் வரவில்லை. இருநூற்றுப் பன்னிரண்டாம் சுற்றில் இரண்டு பேரரசுகளின் படைகள் எல்லைவரை வந்தன. அறையில் எல்லோரும் அவள் பின்னால் நின்றோம். அடுத்த சுற்றில் இரண்டும் திரும்பிப் போயின. ஜீஷான் கை தட்டினான். சாயிமா மட்டும் திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

மாதம் பாதிக்கும்மேல் போயிருந்த ஒரு மதியம், மூன்றே முக்காலுக்கு, திரையின் மேல்மூலையில் ‘சுற்று 300’ என்று சின்ன எழுத்தில் வந்தது. அவ்வளவுதான். பத்மஜா மேடம் கீழேயிருந்து சாபுதானா வடை வரவழைத்தார். ஜீஷான் உம்மாவுக்கு போன் போட்டு “ஏக் சால் பக்கா, ஒரு வருஷம் கவலை இல்ல!” என்று கத்தினான். நான் என்ன செய்வது என்று தெரியாமல் ஈரமான மழைக்கோட்டுகளை மடித்து வைத்தேன். சாயிமா பாதி வடை சாப்பிட்டாள்.

மறுநாள் நான் போனபோது அவள் முன்னமே வந்திருந்தாள். ரிப்போர்ட் எழுதவில்லை. சேமித்து வைத்திருந்த இருநூற்றுப் பன்னிரண்டாம் சுற்றைத் திறந்து, சந்திரனைச் சுற்றி நின்ற கப்பல்கள் அத்தனையையும் உடைத்தாள். அடுத்த சுற்றில் இரண்டு படைகளும் உள்ளே வந்தன. மறுபடி திறந்தாள், உடைக்காமல் விட்டாள். திரும்பிப் போயின. பாதியை உடைத்தாள். ஒருவன் வந்தான், ஒருவன் போனான். கடைசியாக எல்லாவற்றையும் உடைத்துவிட்டு, பீரங்கியே இல்லாத, ஆளே இல்லாத, ஆகக் குறைந்த விலைக் கூடுகளாக நூறு கட்டி அதே இடத்தில் நிறுத்தினாள். ஒருவனும் வரவில்லை. மொத்தம் ஒன்பது முறை பார்த்தாள். ஒரு தடவைக்கு ஒன்றே ஒன்றைத்தான் மாற்றினாள்.

“நகுலு, அவனுவ டப்பாவ எண்ணுதானுவ. உள்ள என்ன கெடக்குன்னு பாக்கல.”

எனக்கு உடனே புரிந்தது. அது அவள் திறமையில்லை, ஆட்டத்தில் உள்ள ஓட்டை. நிறுத்தி வைத்த காலிக் கப்பலையும் போர்க்கப்பலாகவே கணக்கிட்டு ஏழு பேரரசுகளும் பயந்திருக்கின்றன. ஓட்டையைச் சொல்லிவிட்டால் முந்நூறு என்பது முந்நூறு இல்லை.

எங்கள் ரிப்போர்ட்டில் இரண்டு கட்டங்கள் உண்டு. முதலாவது ‘முடிவு’. இரண்டாவது ‘எப்படி’.

பத்மஜா மேடம் நாற்காலியை இழுத்துப்போட்டு அவள் பக்கத்தில் உட்கார்ந்தார்.

“இத எழுதித்தான் ஆகணுமா சாயிமா?”

“ஃபார்ம்ல கேக்காவளே மேடம்.”

“தற்காப்பு ஆட்டம் ஆடினேன்னு ஒரு வரி போடு. அது பொய்யும் இல்லையே.”

“கப்பல விட்டுரவா?”

“விட்டா என்ன? அவா கேட்டது முந்நூறு. நீ முந்நூறு போனே. நாலு பேரோட வேலை இது, தெரியறதோ?”

ஜீஷான் பின்னாலிருந்து சொன்னான். “லாத்தா, ரொம்ப நல்லவங்களா, ஷரீஃபா ஆவாதீங்க. வீட்ல நேத்தே சொல்லியாச்சு. இன்னிக்குப் போயி என்னத்தச் சொல்ல?”

சாயிமா ஒரு பாட்டிலை எடுத்து மூடியைத் திருகிக்கொண்டிருந்தாள்.

“எனக்குப் பதிமூணு வயசு. ஒரு சாக்குல பைப்பு மால் கொஞ்சம் கலந்து கெடந்துச்சு. அது கலந்தா உருக்குதது மொத்தமும் கெட்டுப்போவும். பொறுக்கி எடுக்கணும். டிவியில படம் ஓடுது, எனக்குப் போகணும். நடுவுல தள்ளிவிட்டு மேல நல்ல மாலப் போட்டுக் கட்டிட்டேன். வாங்குதவன் ஒரு கை அள்ளிப் பாத்தான், பைப்பு மால் இருந்துச்சு. எதுல அள்ளினான்னு அவனுக்கே ஞாபகம் இல்ல. நாப்பது சாக்கும் திரும்பி வந்துட்டு. வாப்பாவும் உம்மாவும் ரெண்டு நாளு ஒவ்வொண்ணா கொட்டிப் பாத்தாவ. எதுன்னு எனக்குத் தெரியும். பச்சக் கயிறு போட்டுக் கட்டினது. சொல்லல. நானும் கூட உக்காந்து நாப்பதையும் கொட்டினேன்.”



“அதுக்கும் இதுக்கும் என்ன லாத்தா?” என்றான் ஜீஷான்.

“ஒண்ணுமில்ல. சொல்லுதேன்.” வளையத்தைக் கழற்றி வைத்தாள். “இன்னும் நாள் கெடக்கு. சரி பண்ணி அனுப்பட்டும். திரும்ப ஆடுதேன்.”

இரண்டாவது கட்டத்தில் ஆங்கிலத்தில் பதினோரு வரி எழுதினாள். ஒன்பது சோதனைகளையும் வரிசையாகப் போட்டாள். அனுப்பும்போது பத்மஜா மேடம் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தார். டிராம்பே பக்கம் மழையிலும் அணையாமல் எண்ணெய் ஆலையின் தீ எரிந்துகொண்டிருந்தது.

பதில் இரண்டு நாளில் வந்தது. நன்றி, குறை சரிசெய்யப்பட்டது, முந்தைய முடிவு செல்லாது. மூன்று வரிதான். புதிய பதிப்பில் ஆளும் ஆயுதமும் உள்ள கப்பல்களை மட்டுமே பேரரசுகள் எண்ணின. காலிக் கப்பல் அவற்றுக்குப் பூஜ்யம்.

ஜீஷான் அவளோடு பேசுவதை நிறுத்தினான். அவளும் அதைக் கவனித்ததாகத் தெரியவில்லை. காலையில் வந்து உட்காருவாள், மதியம் ஒரு ஆட்டம் முடியும், மாலை ஒன்று. நூற்றுப் பதினெட்டு. நூற்றொன்பது. நூற்று இருபத்தாறு. அந்த ஆட்டங்களில் உலோகம் போதாமல் பழைய கப்பல்களை உடைத்தாள். எண்களைக் காலண்டரின் ஓரத்தில் பென்சிலால் எழுதி வைத்தாள். ஒவ்வொரு ஆட்டத்தின் முடிவிலும் ‘உன் பேரரசு வீழ்ந்தது’ என்று சிவப்பில் வரும். அதுவும் என் தமிழ்தான். அந்த வரியை அவளால் இப்போது தடுமாறாமல் வாசிக்க முடிந்தது.

மாதத்தின் கடைசி வேலைநாள் வெள்ளிக்கிழமை. அன்று காலை ஆரம்பித்ததுதான் கடைசி ஆட்டம். கீழே தெருவில் கணபதி மண்டபத்துக்கு டோல் மேளம் அடித்துப் பழகிக்கொண்டிருந்தார்கள். ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது. மூன்று பாதைகளில் இரண்டை அடைத்தாள். கப்பம் கொடுத்தாள். எண்பதாவது சுற்றில் பழைய கப்பல்களை இந்த முறை உடைக்காமல், ஆள் இறக்கி அதே மொட்டைச் சந்திரனுக்கு அனுப்பினாள்.

“இனிமே அத யாரும் எண்ணமாட்டானே” என்றேன்.

“எண்ணாட்டாப் போறான். நான் என்ன அவனுக்கா நிறுத்துதேன்?”

நூற்றிருபது போயிற்று. நூற்றைம்பது போயிற்று. மதியச் சாப்பாட்டை யாரும் பிரிக்கவில்லை. நூற்று அறுபத்தெட்டில், கப்பம் வாங்கித் தின்றவனே மூன்றாவது பாதை வழியாக வந்தான். அடைத்திருந்த இரண்டு கோட்டைகளையும் வேறு இருவர் உடைத்துக்கொண்டு வந்தார்கள். அவளிடம் அப்போது நான்கு கோள்கள். ஒரு சுற்றுக்கு ஒன்றாகப் போயின. கடைசியாக மிஞ்சியது தொடங்கிய கோள். நூற்று எழுபதாம் சுற்றில் கடிதம் வந்தது.

நான் எழுந்தேன். அவள் கையைக் காட்டி நிறுத்தினாள்.

“சா… மான்… களை.” விரலைத் திரையில் வைத்து நகர்த்தினாள். “எடுத்… துக்… கொள்ளுங்கள்.”

என் பக்கம் திரும்பினாள். சிரிக்கவில்லை, கோபப்படவும் இல்லை.

“இப்ப சரியா எழுதியிருக்கே” என்றாள்.

‘அடுத்த சுற்று’ அழுத்தினாள். கோள் போயிற்று. நாங்கள் நால்வரும் சிவப்பு எழுத்துக்காகக் காத்திருந்தோம். ஜீஷான் நாற்காலியிலிருந்து தன் மழைக்கோட்டை எடுத்துவிட்டான்.

சிவப்பு எழுத்து வரவில்லை.

திரை அப்படியே நின்றது. ‘அடுத்த சுற்று’ பொத்தான் பச்சையாக எரிந்துகொண்டிருந்தது. பத்மஜா மேடம் மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு குனிந்தார். ஓரத்தில் பேரரசுகளின் பட்டியல் இருக்கும்; செத்தவர்கள் பெயர் அதிலிருந்து போய்விடும். ஏழு பெயர்களுக்கும் கீழே, சாம்பல் நிறத்தில், எட்டாவதாக அவள் பெயர் இருந்தது. கோள்: 0. மக்கள்: 0. படை: 0.

“என்ன இது? ஏன் முடியல?” என்றார்.

சாயிமா படத்தை மெல்ல நகர்த்தினாள். மூலையில் மொட்டைச் சந்திரன். அதைச் சுற்றித் தொண்ணூற்று மூன்று காலிக் கப்பல்கள். கப்பல் ஒன்று இருந்தாலும் பேரரசு இருப்பதாகத்தான் அந்த ஆட்டத்தில் பொருள். அந்தக் கப்பல்களோ மற்றவர்கள் கணக்கில் பூஜ்யம். பூஜ்யத்தை அடிக்க யாரும் படை அனுப்பவில்லை.

தாராவியை இடித்துக் கட்டப்போகிறார்கள்; புது வீடு யாருக்கு என்று இப்போது வீடு வீடாகக் கணக்கெடுக்கிறார்கள். அங்கே ஒருவரையொருவர் பார்த்தால் கேட்டுக்கொள்ளும் கேள்வி ஒன்றுதான். அதையே சாயிமாவும் கேட்டாள்.

“லிஸ்ட்ல பேரு இருக்குல்லா மேடம்?”

“இருக்கு.”

“மெயில்ல என்ன போட்டிருக்கு? கோளு இருக்கணும்னு போட்டிருக்கா?”

பத்மஜா மேடம் தன் மேசைக்குப் போய் மெயிலைத் திறந்து படித்தார். வாய் அசைவது தெரிந்தது. “பட்டியல்ல பேர் இருக்கணும்னு மட்டுந்தான் போட்டிருக்கா.”

சாயிமா நாற்காலியை மேசையோடு நெருக்கிப் போட்டுக்கொண்டாள். அழுத்தினாள். நூற்று எழுபத்திரண்டு. அழுத்தினாள். நூற்று எழுபத்து மூன்று.

அதற்குப் பிறகு அவள் செய்யவேண்டியது எதுவும் இல்லை. கட்ட ஒன்றும் இல்லை, கொடுக்க ஒன்றும் இல்லை. கடிதமும் வரவில்லை, யாருக்கு அனுப்புவார்கள்? ஒரு சுற்றுக்கு அரை நிமிடம். ஏழு பேரரசுகளும் அவள் இருந்த இடத்தில் நகரம் கட்டின, ஒருவரையொருவர் அடித்தன, ஒவ்வொன்றாகக் குறைந்தன. அவை போகிற வருகிற பாதைக்குச் சற்றுத் தள்ளித்தான் சந்திரன் இருந்தது. ஒரு படை அதை உரசிக்கொண்டு வந்தது. அவள் அழுத்தினாள். படை போய்விட்டது.

இருநூற்றுப் பத்தில் ஜீஷான் கீழே போய் நான்கு கிளாஸ் கட்டிங் டீ வாங்கி வந்தான். அவள் பக்கத்தில் ஒன்றை வைத்து, “லாத்தா, சூடு ஆறிடும்” என்றான். பத்து நாளில் அவன் பேசிய முதல் வாக்கியம். அவள் இடது கையால் எடுத்துக் குடித்தாள். வலது கை பொத்தானிலேயே இருந்தது. கீழே டோல் சத்தம் நிற்பதும் மறுபடி தொடங்குவதுமாக இருந்தது. இருநூற்று அறுபதுக்குமேல் எங்களில் யாரும் எண்ணைப் பார்க்கவில்லை. அவள் முகத்தைப் பார்த்தேன். பஸ்ஸில் கடைசி ஸ்டாப்புக்குப் போகிறவர்கள் முகம் அப்படி இருக்கும்.

ஆறு மணிக்குக் கொஞ்சம் முன்னால் ‘சுற்று 300’ வந்தது. பட்டியலில் மூன்று பெயர்கள் இருந்தன. மூன்றாவது அவளுடையது.

யாரும் கை தட்டவில்லை. அவள் ரிப்போர்ட்டைத் திறந்தாள். முடிவு: 300. எப்படி: கோள் இல்லை, ஆள் இல்லை, படை இல்லை, உடைக்காத பழைய கப்பல்கள் மட்டும், நூற்று இருபத்தொன்பது சுற்றுகளாக ஒன்றும் செய்யவில்லை. பத்மஜா மேடம் இந்த முறை எதையும் விடச் சொல்லவில்லை. அவரே அனுப்பினார்.

திங்கட்கிழமை பதில் வந்தது. தங்கள் கம்ப்யூட்டர் ஆடிய ஆயிரம் ஆட்டங்களில் ஒன்றில்கூட இப்படி நடக்கவில்லை என்றும், அது விதிப்படி எல்லாப் பழைய கப்பல்களையும் உடைத்துவிடுகிறது என்றும் எழுதியிருந்தார்கள். முடிவு ஏற்கப்பட்டது. பிரிவு ஒரு வருடம் தொடரும். கோள் இல்லாத பேரரசு அடுத்த பதிப்பில் பட்டியலில் இருக்காது. அதுவும் சரிசெய்யப்படும்.

ஜீஷான் உம்மாவுக்கு போன் போடவில்லை. “மொதல்ல ஒரு மாசம் போகட்டும்” என்றான். பத்மஜா மேடம் மெயிலை அச்செடுத்து இழுப்பறையில் வைத்தார். சாயிமா பதிலைக் கேட்டுவிட்டு, சரி என்று தலையசைத்தாள். காலண்டரைத் திருப்பி, பென்சில் எண்கள் இருந்த தாளைக் கிழித்து, காகிதம் போடும் பெட்டியில் போட்டாள்.

இரண்டு நாள் கழித்துப் புதிய பதிப்பு வந்தது. கொடூரத்துக்குமேல் ஐந்தாவதாக ஒரு நிலை சேர்த்திருந்தார்கள். அதற்குத் தமிழில் பெயர் வைக்கச் சொல்லி எனக்கு மெயில். காலையிலிருந்து யோசித்தேன். தாளில் எழுதி எழுதி அடித்தேன். மதியம் அவளிடம் போய் நின்றேன்.

“கொடூரத்துக்கு மேல என்ன பேர் வைக்கலாம்?”

அவள் புது ஆட்டம் தொடங்கியிருந்தாள். ஒரு கோள். சுற்றிலும் ஏழு.

“பேரு என்னத்துக்கு? அஞ்சுன்னு போடு.”

ஐந்து என்று போட்டேன். அவள் முதல் கப்பலைக் கட்டி முடித்து, படத்தை மூலை மூலையாக நகர்த்தி, எங்காவது மொட்டைச் சந்திரன் இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தாள்.